நாலால் வகுத்தால் சவரன்: டாலர் ஏறினால் எந்தத் தங்கத்தில் லாபம் முழுசாகக் கைக்கு வருகிறது?

நேற்று ராத்திரி, உலக விலை பேசப்படும் லண்டனில் தங்கம் அசையவே இல்லை. இன்று காலை சென்னையில் சவரனுக்கு ஐந்நூறு ரூபாய் கூடியிருக்கிறது. கடைக்காரர் ஏமாற்றவில்லை, டாலர் அரை ரூபாய் ஏறியிருக்கும், அவ்வளவுதான். இந்தியாவில் தங்கம் வாங்குகிற எவரும், தெரிந்தோ தெரியாமலோ, கூடவே டாலரையும் வாங்குகிறார். ஆனால் அந்த டாலர் லாபம் எல்லா வகைத் தங்கத்திலும் ஒரே அளவில் கைக்கு வருவதில்லை. நகை, நகைச்சீட்டு, டிஜிட்டல் கோல்டு (ஆப் வழியாக வாங்கும் தங்கம்), கோல்டு இடிஎஃப் (பங்குபோலச் சந்தையில் கைமாறும் தங்க ஃபண்டு), தங்கப் பத்திரம் (தங்க விலையோடு கட்டி அரசாங்கம் வெளியிட்ட பத்திரம்) என்று சந்தையில் இருக்கும் ஐந்தையும் இந்த ஒரே தராசில் நிறுத்திப் பார்க்கலாம். கல்யாணத்துக்கு வாங்கும் நகை வேறு கணக்கு. அது இங்கே வரவில்லை. முதலீடு என்று சொல்லிக்கொண்டு வாங்குகிறவர்களுக்கான மதிப்பீடு இது.

முதலில் தராசு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம். உலகச் சந்தையில் தங்கத்தின் விலை டாலரில், ஒரு ட்ராய் அவுன்ஸுக்குச் சொல்லப்படுகிறது. ஒரு ட்ராய் அவுன்ஸ் என்பது 31.1035 கிராம். கணக்கு போட வசதியாக, 2025 கடைசியில் இருந்த நிலவரத்தை ஒட்டி, தங்கம் 4,000 டாலர், டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 4,000ஐ 31.1035ஆல் வகுத்தால் கிராம் 128.60 டாலர். 90ஆல் பெருக்கினால் 11,574 ரூபாய். இதன்மேல் அப்போதைய இறக்குமதிச் சுங்கவரி 6 சதவீதம் ஏறி 12,269. இது 24 காரட். 22 காரட்டுக்கு 0.916ஆல் பெருக்கினால் 11,238. எட்டு கிராம் சேர்ந்தால் சவரன் 89,905. ஜிஎஸ்டி இன்னும் சேரவில்லை. கடைப் பலகையில் எழுதும் விலையும் ஜிஎஸ்டி இல்லாத விலைதான்.

இத்தனை படியும் ஏறத் தேவையில்லை. லண்டன் விலையை டாலர் மதிப்பால் பெருக்கி நாலால் வகுத்தால் போதும். 4,000 பெருக்கல் 90, வகுத்தல் 4: தொண்ணூறாயிரம். மேலே உள்ள நீளக் கணக்குக்கும் இதற்கும் நூறு ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. சுங்கவரி 6 சதவீதமாக இருக்கும் வரை இந்த நாலு வேலை செய்யும்; வரி 15 சதவீதமாக இருந்த காலத்துக்குக் கணக்குப் போட்டால் 3.7ஆல் வகுக்க வேண்டும்.

இதிலிருந்தே இன்னொன்றும் தெரியும். தங்கம் 4,000 டாலரில் இருக்கும்போது, டாலர் ஒரு ரூபாய் ஏறினால் சவரன் ஆயிரம் ரூபாய் ஏறும். அதே தங்கம் 2,000 டாலரில் இருந்தால் ஐந்நூறுதான் ஏறும். தங்கம் விலை ஏற ஏற, ரூபாயின் சின்னச் சறுக்கல்கூட சவரனில் பெரிதாகத் தெரிவது இதனால்தான். லண்டனில் பத்து டாலர் நகர்ந்தால் சவரனில் 225 ரூபாய். காலையில் பலகையைப் பார்த்ததும், ஏற்றத்தில் எவ்வளவு தங்கம், எவ்வளவு டாலர் என்று இந்த இரண்டு எண்களை வைத்துப் பிரித்துவிடலாம்.

கணக்கில் வரும் விலையும் பலகை விலையும் சில நாள் ஒட்டாது. சென்னை விலை காலையில் அறிவிக்கப்படுவது. அதில் முந்தைய இரவின் வெளிநாட்டு விலையும் காலை ஒன்பது மணிக்குத் திறக்கும் அந்நியச் செலாவணிச் சந்தையின் முதல் நிலவரமும்தான் இருக்கும். மதியம் ரூபாய் வேகமாகச் சரிந்தால் மாலையில் இரண்டாவது முறை விலை மாறும். அடுத்து, சுங்கத்துறை பத்து கிராமுக்கு இத்தனை டாலர் என்று ஒரு மதிப்பைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அறிவித்து, அதன்மேல்தான் வரி போடுகிறது. சந்தை விலை தாவி ஓடும்போது வரி பின்னாலேயே நொண்டி வரும். இதோடு உள்ளூரில் கிராக்கி அதிகமானால் மொத்த வியாபாரிகள் பிரீமியம் கேட்பார்கள், வாங்க ஆள் இல்லையென்றால் தள்ளுபடி தருவார்கள். சில நூறு ரூபாய் வித்தியாசம் சகஜம். சவரனுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் என்று நாள்கணக்கில் விலகியே நின்றால் வரியோ பிரீமியமோ மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

டாலர் ஏறினால் தங்கமும் ஏறும் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. டாலர் உலகம் முழுக்க வலுப்பெறும்போது, டாலர் கணக்கில் தங்கம் பெரும்பாலும் இறங்கும். அதே நேரத்தில் ரூபாயும் சரியும். ஒன்று இழுக்க மற்றொன்று தள்ள, சவரன் விலை கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கும். எண்ணெய் விலை, அந்நிய முதலீட்டாளர் வெளியேற்றம் என்று இந்தியாவுக்கே உரிய காரணத்தால் ரூபாய் மட்டும் விழும்போது அந்த ஈடுகட்டல் கிடையாது. அப்போதுதான் சவரன் தாறுமாறாக ஏறும்.

2013 இதற்கு நல்ல பாடம். அந்த வருடம் டாலர் கணக்கில் தங்கம் சுமார் 28 சதவீதம் விழுந்தது. இந்தியாவில் விழுந்தது அதில் பாதிக்கும் குறைவு. ஜனவரியில் 55 ரூபாயை ஒட்டியிருந்த டாலர் ஆகஸ்ட் கடைசியில் 68ஐத் தாண்டி, வருடக் கடைசியில் 62ஐ ஒட்டி நின்றது. அதே வருடம் சுங்கவரி ஜனவரியில் 4லிருந்து 6, ஜூனில் 8, ஆகஸ்டில் 10 சதவீதம் என்று மூன்று படி ஏறியது. இறக்குமதி செய்ததில் ஐந்தில் ஒரு பங்கை ஏற்றுமதிக்கு ஒதுக்க வேண்டும் என்ற விதியும் வந்து, உள்ளூர் பிரீமியம் அவுன்ஸுக்கு 100 டாலரைத் தாண்டியது. வெளியே சரிந்த சுவருக்கு இங்கே ரூபாயும் வரியும் முட்டுக் கொடுத்தன.

ஆனால் அப்படி முட்டுக் கொடுக்கும் வரியை அரசாங்கம் நினைத்தால் ஒரே நாளில் உருவிவிடும். 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் சுங்கவரி 15லிருந்து 6 சதவீதமாகக் குறைந்தது. ஒன்பது சதவீதம் இறங்கியது என்று பலர் சொன்னார்கள். சரியான கணக்கு, 115 ரூபாய் பொருள் 106க்கு வந்தது, அதாவது 7.8 சதவீதம். லண்டனும் அசையாமல், டாலரும் அசையாமல், கையிருப்புத் தங்கத்தின் மதிப்பில் அவ்வளவு போனது. இந்த வரி அபாயத்திலிருந்து கீழே வரும் ஐந்தில் ஒன்றுகூடத் தப்பாது.

இனி ஒவ்வொன்றாக.

நகையில் தொடங்கலாம், ஏனென்றால் அதுதான் தராசில் மிக மோசம். மேலே சொன்ன 11,238 ரூபாய் விலையில் ஒரு சவரன் செயின், சேதாரம் செய்கூலி எல்லாம் சேர்த்து 12 சதவீதம். 89,905 ரூபாய்த் தங்கம் 1,00,694 ஆகிறது; 3 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து பில் 1,03,714. மறுநாளே விற்கப் போனால், கழிவே போடாத கடையாக இருந்தாலும் கையில் வருவது 89,905. அசலைப் பிடிக்க விலை 15.4 சதவீதம் ஏற வேண்டும். லண்டன் அப்படியே நின்றால் டாலர் 90லிருந்து ஏறக்குறைய 104 ரூபாய்க்குப் போனால்தான் முடியும். ரூபாய் அவ்வளவு விழுவதற்கு எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சேதாரம் 18 சதவீதம் உள்ள வேலைப்பாட்டு நகையென்றால் கணக்கே வேண்டாம். காசாக வாங்கினால் செலவு குறையும், ஆனால் 3 சதவீத ஜிஎஸ்டி இருக்கும். வங்கியில் காசு வாங்குகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: வங்கி விற்கும், திரும்ப வாங்காது. விற்க நகைக்கடைக்குத்தான் போக வேண்டும்.

நகைச்சீட்டில் ஒரே கேள்விதான். மாதாமாதம் கட்டும் பணம் அன்றைய விலைக்குக் கிராமாக வரவாகிறதா, ரூபாயாகவே நிற்கிறதா? சேர்வதற்கு முன் பாஸ்புக்கைக் கையில் வாங்கிப் பாருங்கள். தவணைத் தொகைக்குப் பக்கத்தில் அன்றைய விலை, கிராம் எடை என்று இரண்டு கட்டம் இருந்தால் எடைச் சீட்டு. ரூபாய் மட்டும் இருந்தால் பணச் சீட்டு. மாதம் 10,000 வீதம் 11 மாதம், 1,10,000 ரூபாய் கட்டுகிறீர்கள், இடையில் டாலர் சீராக 90லிருந்து 95க்குப் போகிறது, லண்டன் நகரவில்லை. கிராம் விலை 11,238லிருந்து 11,862க்கு வந்திருக்கும். எடைச் சீட்டில் சுமார் 9.52 கிராம் சேரும். பணச் சீட்டில் கடைசி நாள் விலைக்கு 9.27 கிராம்தான். கால் கிராம், மூவாயிரம் ரூபாய், ரூபாய் விழுந்ததற்கான நஷ்டம் முழுக்க உங்கள் தலையில். பணச் சீட்டுக்காரர்கள் சேதாரத்தில் தள்ளுபடி தருவார்கள்; அந்தத் தள்ளுபடி எத்தனை சதவீதம் வரை, எந்த நகைக்குச் செல்லாது என்று எழுத்தில் கேட்டு, இந்த நஷ்டத்தோடு ஒப்பிடுங்கள். விலை இறங்கினால் பணச் சீட்டு லாபம் என்பதும் உண்மைதான், ஆனால் ரூபாய் நெடுநாளாக எந்தப் பக்கம் போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். 2007 தொடக்கத்தில் 44 ரூபாயை ஒட்டியிருந்த டாலர் 2025 டிசம்பரில் 90ஐத் தாண்டியது.

11 மாதம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்றால், பொருளுக்கான முன்பணத்தை 365 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அது டெபாசிட்டாகிவிடும் என்று கம்பெனிச் சட்ட விதி சொல்வதால். எப்படியும் முடிவில் நகையாகத்தான் எடுக்க வேண்டும், பணமாகக் கிடைக்காது. ஆகவே சீட்டு என்பது நகை வாங்குவதற்கான வழி. முதலீடு என்று பெயர் சூட்டுவது கடையின் விளம்பரம்.

டிஜிட்டல் கோல்டு போனில் பத்து ரூபாய்க்குக்கூட வாங்கலாம் என்பதால் பரவியது. வாங்கும்போதே 3 சதவீத ஜிஎஸ்டி. அதன்மேல் ஆப்பில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி. இது 3 சதவீதம் என்று வைத்தால், நூறு ரூபாய் போட்ட மறுநிமிடம் விற்றால் 94 ரூபாய் வரும். அசலுக்கே டாலர் 90லிருந்து 95.60 போக வேண்டும். சோதித்துப் பார்ப்பது சுலபம்: ஆப்பைத் திறந்து ஒரே நிமிடத்தில் வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் குறித்துக்கொண்டு, வாங்கும் விலையோடு ஜிஎஸ்டியைச் சேர்த்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சதவீதமாக்குங்கள். ரூபாய் வேகமாக ஆடும் நாளில் இந்த இடைவெளி அகலமாகும், ஏனென்றால் எதிர்ப்பக்கம் இருப்பவர் தன் அபாயத்தை அதில்தான் ஏற்றுகிறார். இதைத் தாங்கள் ஒழுங்குபடுத்தவில்லை என்று பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி 2025 நவம்பரில் வெளிப்படையாகவே எச்சரித்தது. சில்லறைச் சேமிப்புப் பழக்கத்துக்கு வேண்டுமானால் சரி, லட்சக்கணக்கில் போடும் இடமல்ல.

கோல்டு இடிஎஃப்தான் இந்தத் தராசில் மிகச் சுத்தம், அதனால் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. இந்தியாவில் முதலாவது வந்தது 2007ல். இன்று நிப்பான் இந்தியா கோல்டு பீஸ் என்ற பெயரில் இருப்பது. ஃபண்டு 99.5 சதவீதத் தூய்மையுள்ள கட்டிகளை வாங்கிப் பெட்டகத்தில் வைக்கிறது. லண்டன் காலை விலையை எடுத்து, ரூபாய்க்கு மாற்றி, சுங்கவரி சேர்த்து மதிப்பிடுவதுதான் நெடுங்காலம் இருந்த முறை. நாம் மேலே போட்ட கணக்கேதான், 22 காரட்டும் சவரனும் இல்லாமல். யூனிட் வாங்கும்போது ஜிஎஸ்டி கிடையாது, சேதாரம் கிடையாது. டாலர் ஒரு சதவீதம் ஏறினால் யூனிட்டும் ஒரு சதவீதம் ஏறும்.

வெட்டு எங்கே விழுகிறது என்றால் வருடாந்திரச் செலவு விகிதத்தில். ஃபண்டுக்கு ஃபண்டு மாறும், 0.8 சதவீதம் என்று வைப்போம். இதை யாரும் பில் போட்டு வாங்குவதில்லை. ஃபண்டு தன் கையிருப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது, அதனால் ஒரு யூனிட்டுக்குப் பின்னால் இருக்கும் தங்கத்தின் எடை வருடா வருடம் தேய்கிறது. 1/100 கிராம் என்று தொடங்கிய பழைய யூனிட்டின் விலை, இன்றைய 1/100 கிராம் தங்கத்தைவிடக் குறைவாகத் தெரிவது இதனால்தான். இந்த இடிஎஃப் மலிவு, அந்த இடிஎஃப் விலை அதிகம் என்று யூனிட் விலையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இதில்தான் சறுக்குகிறார்கள். பார்க்க வேண்டியது செலவு விகிதமும், தினமும் கைமாறும் அளவும்.

0.8 சதவீதம் வீதம் தேய்ந்தால், டிஜிட்டல் கோல்டு முதல் நாளே எடுத்துக்கொள்ளும் ஆறு சதவீதத்தை இடிஎஃப் எடுக்க எட்டு வருடம் ஆகும். 12 சதவீதச் சேதார நகையின் நஷ்டத்தை எட்டப் பதினெட்டு வருடம்.

ஃபண்டு ஒழுங்காகத் தொடர்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு வருட இடைவெளியில் இரண்டு தேதிகளை எடுத்து, இரண்டிலும் லண்டன் விலை பெருக்கல் டாலர் மதிப்பு என்ன என்று எழுதுங்கள். உதாரணத்துக்கு லண்டன் 4,000லேயே நின்று டாலர் 90லிருந்து 94 ஆனால் 4.4 சதவீதம். செலவு 0.8 போக என்ஏவி (ஒரு யூனிட்டின் நிகர மதிப்பு) சுமார் 3.6 சதவீதம் ஏறியிருக்க வேண்டும். மூன்றுக்குக் கீழே இருந்தால் ஃபண்டு கையில் ரொக்கம் அதிகம் வைத்திருக்கிறது, அல்லது நிர்வாகம் சொதப்புகிறது. நடுவில் சுங்கவரி மாறிய வருடத்தில் இந்தச் சோதனை பலிக்காது.

வாங்கும் விதத்திலும் பணம் போகும். இடிஎஃப் பங்கு மாதிரிச் சந்தையில் கைமாறுவதால், அதன் விலை உள்ளே இருக்கும் தங்கத்தின் மதிப்பைவிட மேலேயும் கீழேயும் போகும். ஃபண்டு இணையதளத்தில் ஐஎன்ஏவி என்று உடனுக்குடன் ஓடும் எண்ணைப் பார்த்து, அதற்கு ஒட்டிய விலையில் லிமிட் ஆர்டர் (இந்த விலைக்குமேல் வேண்டாம் என்று சொல்லும் ஆர்டர்) போடுங்கள். கிடைத்த விலைக்கு வாங்கும் மார்க்கெட் ஆர்டர் வேண்டாம். 9.15க்குச் சந்தை திறந்த முதல் பத்துப் பதினைந்து நிமிடம் தவிர்ப்பது நல்லது. ரூபாய்ச் சந்தை அப்போதுதான் நிலைக்கு வந்துகொண்டிருக்கும், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அகலமாக இருக்கும். அட்சய திருதியை, தந்தேரஸ் மாதிரி நாட்களில் பிரீமியம் ஏறுவது வழக்கம். 2025 அக்டோபரில் வெள்ளி இடிஎஃப்களில் இந்தப் பிரீமியம் எகிறி, சில ஃபண்டுகள் மொத்தத் தொகை முதலீட்டையே நிறுத்தி வைத்தன. தங்கத்தில் அந்த அளவுக்குப் போகவில்லை, ஆனாலும் ஒரு சதவீதப் பிரீமியம் கொடுத்து வாங்கினால் டாலரின் 90 பைசா லாபம் வாங்கும்போதே போச்சு.

பங்குகளை வைக்கும் டீமேட் கணக்கு இல்லாதவர்கள் கோல்டு ஃபண்டு ஆஃப் ஃபண்டு (இடிஎஃப்பை வாங்கி வைக்கும் மியூச்சுவல் ஃபண்டு) வழியாகப் போகலாம். செலவு இரண்டு அடுக்கு, ஆனால் மாதாமாதம் போடும் எஸ்ஐபி வசதி. வரியிலும் சின்ன வித்தியாசம் உண்டு: இடிஎஃப்பை 12 மாதத்துக்கு மேல் வைத்து விற்றால் நீண்ட கால லாபம், 12.5 சதவீத வரி. ஃபண்டு ஆஃப் ஃபண்டுக்கும் கையிருப்புத் தங்கத்துக்கும் அது 24 மாதம். பணவீக்கச் சரிக்கட்டல் 2024 ஜூலையோடு போய்விட்டதால், ரூபாய் தேய்ந்ததால் வெறும் எண்ணளவில் வந்த லாபத்துக்கும் வரி கட்டித்தான் ஆக வேண்டும்.

கடைசியாகத் தங்கப் பத்திரம். வருவாயில் இதை அடிக்க ஆள் இல்லை. 2015 நவம்பரில் கிராம் 2,684 ரூபாய்க்கு வந்த முதல் வெளியீடு, 2023 நவம்பரில் 6,132 ரூபாய்க்கு முதிர்ந்தது. 2.28 மடங்கு. பிரித்துப் பார்த்தால், 65 ரூபாயை ஒட்டியிருந்த டாலர் 83ஐத் தாண்டியதில் ஏறக்குறைய 28 சதவீதம், சுங்கவரி 10லிருந்து 15 ஆனதில் நாலரை சதவீதம். இந்த இரண்டின்மேல் பெருகியதுதான் லண்டன் ஏற்றம். செலவு விகிதம் கிடையாது, ஜிஎஸ்டி கிடையாது, முதலில் வாங்கி முதிர்வு வரை வைத்திருந்தவருக்கு மூலதன ஆதாய வரியும் கிடையாது. அரசாங்கத்துக்கு இதெல்லாம் கட்டுப்படியாகவில்லை போலும்; 2024 பிப்ரவரி வெளியீட்டுக்குப் பிறகு புதிதாக வரவில்லை.

இன்று வாங்க வேண்டுமென்றால் பங்குச் சந்தையில் பிறர் விற்பதைத்தான் வாங்க வேண்டும். ஆர்டர் போடுமுன் அந்த வரிசையின் (ஒரே தடவையில் வெளியான பத்திரத் தொகுதியின்) வெளியீட்டு விலை, முதிர்வுத் தேதி இரண்டையும் எடுங்கள். வருட வட்டி 2.5 சதவீதம் என்பது வெளியீட்டு விலைமேல்தான், நீங்கள் கொடுக்கும் விலைமேல் அல்ல. 5,000 ரூபாய்க்கு வெளியான பத்திரம், இன்னும் மூன்று வருடம் பாக்கி என்றால் கிராமுக்கு வருடம் 125, மொத்தம் 375 ரூபாய் வட்டி. அதற்கும் வருமான வரி உண்டு. முதிர்வில் கிடைப்பது ஐபிஜேஏ என்ற தங்க வியாபாரிகள் சங்கம் வெளியிடும் 999 தூய்மைத் தங்க விலையின் மூன்று நாள் சராசரி. ஆகவே அன்றைய ஐபிஜேஏ விலை 12,269 என்றால், இந்தப் பத்திரத்துக்கு அதிகபட்சம் 12,644 கொடுக்கலாம். விற்பவர் 13,269 கேட்கிறார் என்றால் 625 ரூபாய் சும்மா போகிறது. அதை மீட்க மட்டுமே டாலர் 94.60க்குப் போக வேண்டும். வரத்து குறைந்த வரிசைகளில் இந்த மாதிரி விலைகள் திரையில் தினமும் நிற்கும். அடுத்த வரிசையைப் பார்த்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.